றைஸா ராத்தா கேட்ட நான்கு நாட்கள்

ஆலங்குடாவில் எங்கள் வேலிக்கு அடுத்த வளவில் இருப்பவர் றைஸா ராத்தா, எங்கள் வரிசைக்கே அக்கா. அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பீங்கானை இடது கையில் ஏந்திக்கொண்டு குசினி வாசலில் நின்றபடி சாப்பிடுவார். அங்கே நின்றால்தான் கட்டிலில் கிடக்கும் கணவர் நிஸார் நாநாவின் முகம் தெரியும்.

நிஸார் நாநா கடலட்டை பிடிக்கக் கடலுக்கடியில் சுழியோடியவர். போர் முடிந்த மறு வருடம், ஒரே நாளில் பல தரம் ஆழத்துக்கு இறங்கிவிட்டுக் கடைசித் தரம் அவசரமாக மேலே வந்திருக்கிறார். வள்ளத்தில் ஏற்றும்போதே நெஞ்சுக்குக் கீழே உணர்வு இல்லை. கையும் வாயும் மட்டும் மிச்சம். "வாய் கொஞ்சம் கூடவே மிச்சம்" என்று ராத்தா சொல்வார். ஒரே மகன் ஹுனைஸ் கொழும்பில் ஒரு புடைவைக் கடையில் நிற்கிறான். பெருநாளைக்கு வருவான்.

நாநாவை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் படுக்கைப்புண் வந்துவிடும். நேரம் தவறாமலிருக்க ராத்தா தன் போனில் சேவல் கூவும் சத்தத்தை வைத்திருந்தார். நடுப்பகலிலும் நள்ளிரவிலும் அந்தச் சேவல் எங்கள் வீடு வரைக்கும் கூவும். அது கூவினால் ராத்தா எந்த வேலையையும் எந்தக் கதையையும் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார். ஏழு வருடங்கள் அப்படித்தான் ஓடின.

இரண்டாயிரத்துப் பதினேழில் ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து ஒரு வாரம் இருக்கும். ராத்தாவின் தங்கை ஸபீனா மன்னாரிலிருந்து போன் எடுத்தாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் பதிந்துவிட்டாளாம். இரண்டு வருட ஒப்பந்தம். எட்டு வயது மகள் றிஷ்னாவை மாமியார் சாரா உம்மா பார்த்துக்கொள்வாராம்.

தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டியதில், மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து தோணியில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியபோது ராத்தாவுக்குப் பத்தொன்பது வயது, ஸபீனாவுக்கு ஆறு. அடுத்த வருடமே அவர்களைப் பெற்ற உம்மா முகாமில் மவுத்தாகிவிட்டார். பிறகு ஸபீனாவுக்குத் தலை வாரி, பள்ளிக்கு அனுப்பி, கல்யாணமும் முடித்துக் கொடுத்தது ராத்தாதான். மீள்குடியேற்றத்தில் அவள் கணவனோடு மன்னாருக்குத் திரும்பிப் போய் ஐந்து வருடங்களாகிவிட்டன.

"ஒருக்கா வந்து நாலு நாள் நிண்டுட்டுப் போகச் சொல்லுங்களேன்" என்றேன்.

"வருவா. வந்தா என்ன? அவ இருப்பா, நான் நிப்பன். அவ வாயத் திறக்கக்குள்ள சேவல் கூவும். போன தரம் வந்து அவ சொன்ன கதையில பாதிய நான் இன்னும் கேட்கல்ல புள்ள." கழுவிய சாரனை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னார். "நான் அங்க போகணும். அவ பறக்கிறதுக்கு முந்தி."

போவதென்றால் நாநாவை யார் பார்ப்பது? ராத்தா தேடத் தொடங்கினார். கிராமத்துக்குப் பொறுப்பான ஜீ.எஸ். ஐயா, பிரதேச செயலகத்துக்குப் போகச் சொன்னார். அங்கே இருந்த சமூக சேவை உத்தியோகத்தர் நல்ல மனிதர்தான். நோயாளிக்கு உதவி இருக்கிறது, நோயாளியைப் பார்க்கிறவருக்கு ஒன்றும் இல்லை என்று தன்மையாகச் சொன்னார். பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு சக்கர நாற்காலி தரலாம் என்றார்கள். ஏற்கெனவே தந்தது வீட்டு மூலையில் நின்றது. டவுனில் ஒரு முதியோர் இல்லம் காசுக்குச் சில நாள் வைத்துக்கொள்ளுமாம். ஆனால் சிறுநீருக்குச் சலக்குழாய் போட்ட ஆளை எடுப்பதில்லையாம். ஒவ்வொரு இடத்துக்கும் அவர் இரண்டு சேவலுக்கு நடுவில் போய் வந்தார்.

கடைசியில் கிளினிக் சுவரில் ஒட்டியிருந்த ஒரு தாளை நான் கண்டேன். 'குடும்பப் பராமரிப்பாளர்களுக்கான ஓய்வுத் திட்டம்' என்று இருந்தது. ஒரு தொண்டு நிறுவனம் பயிற்சி பெற்ற ஆளைத் தன் செலவில் வீட்டுக்கு அனுப்பும். பார்க்கிறவர் அந்த நாட்களில் ஓய்வு எடுக்கலாம். தாளைப் பார்த்த அக்கம்பக்கத்தவர்கள் 'ஓய்வு' என்றதைப் பென்சன் என்று விளங்கிக்கொண்டார்கள். "றைஸா, உனக்குப் பென்சனாமே! எந்தக் கந்தோர்ல வேல செஞ்ச?" என்று ஆசியா உம்மா வேலிக்கு மேலால் கேட்டார். "உங்கட மருமகன்ட கந்தோர்லதான்" என்று உள்ளே கட்டிலிலிருந்து நாநா குரல் கொடுத்தார்.

விண்ணப்பத்தை நிரப்பியது நான். ஏழாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனாலும் எழுத்து உருண்டையாக இருக்கும் என்பதால் எங்கள் வரிசை வீடுகளின் போம் எல்லாம் என்னிடம்தான் வரும். அகதிகளாக வந்த நாளிலிருந்து எங்களுக்குப் போம் பழக்கம். நிவாரணப் போம், கூரைத் தகரப் போம், கிணற்றுப் போம், வீட்டுத் திட்டப் போம். அவை எங்களுக்கு ஒரு பாடம் சொல்லித் தந்திருந்தன. இருப்பதை எழுதக்கூடாது. உதவிக்கு ஆள் இருந்தாலும் 'யாரும் இல்லை' என்றுதான் போட வேண்டும். வருத்தங்களை ஒன்றையும் விடக்கூடாது. உங்களுக்கு என்ன விருப்பம் என்று ஒரு போமும் எங்களைக் கேட்டதில்லை.

இந்தப் போம் கேட்டது. ஒன்பதாம் கேள்வி: 'ஓய்வு நாட்களை எப்படிக் கழிக்க விரும்புகிறீர்கள்?'

"தங்கச்சி வீட்ட போறதெண்டு எழுது" என்றார் ராத்தா.

"அப்படி எழுதினா ஊர் சுத்தப் போறாண்டு தள்ளிப்போடுவாங்க ராத்தா. வருத்தம் ஏதாச்சும் சொல்லுங்க."

"எனக்கு என்ன வருத்தம்?"

"முழங்கால் நோகுதெண்டு சொல்லுவீங்களே?"

"அது எல்லாருக்கும் நோகும்."

நான் எழுதினேன்: 'நாட்பட்ட முழங்கால் வருத்தத்துக்கு வைத்தியம் செய்வேன்.' ஏழாம் கேள்வி, இரவில் உதவக்கூடிய உறவினர் யார் என்று கேட்டது. நாநாவின் தம்பி நூர்தீன் கனமூலையில் இருக்கிறார். பழக்கத்தில் என் கை 'யாரும் இல்லை' என்று எழுதிவிட்டது. ராத்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்கும் அது சரியாகவே பட்டது.

மூன்று கிழமைக்குப் பிறகு பதில் வந்தது. ராத்தா ஈரக் கையோடு ஓடி வந்தார். நான் வாசித்தேன். இரவுக்கு உறவினர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டுமாம். இல்லாததால் ஓய்வுத் திட்டத்தில் சேர்க்க முடியாதாம். ஆனால் முழங்கால் வருத்தத்தைக் கவனத்தில் எடுத்து, மதுரங்குளியில் நடக்கும் இலவச மருத்துவ முகாமில் ராத்தாவின் பெயரைப் பதிந்திருக்கிறார்களாம். வரும்போது பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுவரவும்.

நாநா சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "ஓய்வு கேட்ட பொம்புளைக்கு முழங்காலுக்குப் பட்டி! அல்ஹம்துலில்லாஹ், எழுதின கைக்கும் ஒரு பட்டி கேட்டு வாங்குங்க."

ராத்தா சிரிக்கவில்லை. கடிதத்தை வாங்கி மடித்தார். "நீ என்னத்துக்கு அழுற? நல்லதுக்குத்தானே எழுதின" என்றார். அன்றைக்குப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஸபீனா போன் எடுத்தாள். மெடிக்கல் பாஸாம். இன்னும் ஒரு மாதம்தான். ராத்தா போனைக் காதில் வைத்தபடி "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார். சேவல் கூவியது. "வைக்கிறன்" என்றார்.

கந்தோர்களுக்குப் போன் எடுத்துக் கதைக்க எனக்குப் பயம். வாய்க்குள் எல்லாம் காய்ந்துவிடும். மறுநாள் கிணற்றடிக்குப் பின்னால் போய் நின்று, கடிதத்தில் இருந்த நம்பரை அழுத்தினேன். டெனிஷா என்று ஒரு பிள்ளை எடுத்தது. சிலாபத்துப் பக்கத்துக் கத்தோலிக்கப் பிள்ளை. அந்த நிறுவனத்தின் வெளிக்கள உத்தியோகத்தர்.

"மிஸ், பிழை என்ட. அவங்களுக்கு முழங்கால் வருத்தம் இல்ல. கொழுந்தனும் இருக்கார்."

அந்தப் பக்கம் சிரிப்புக் கேட்டது. "அனே! இது நாலாவது வீடு. எல்லாரும் ஒரே மாதிரித்தான் எழுதுறீங்க. சரி, வியாழக்கிழமை நானே வாறன். கொழுந்தனையும் வரச் சொல்லுங்க."

வியாழக்கிழமை நூர்தீன் முன்னதாகவே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். விசயம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஹெல்மட்டைக் கழற்றாமலே தொடங்கினார். "ஏன் மதினி, நான் மவுத்தாப் போனத எனக்கு ஒரு சொல் சொல்லப்படாதா? கபுரு தோண்டுற செலவாச்சும் மிஞ்சியிருக்கும்."

"கோவிக்காதீங்க தம்பி. போமுக்குத்தானே."

"போம்ல மவுத்தானவன் ராவைக்கு எப்படி வாறது?"

"ஜின் மாதிரி வாடா" என்றார் நாநா. "எனக்கும் பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்."

டெனிஷா கதிரையில் அமர்ந்து புதுப் போமை மடியில் வைத்துக்கொண்டாள். ஏழாம் கேள்விக்கு நூர்தீனின் பெயரும் அடையாள அட்டை நம்பரும் ஏறின. ஒன்பதாம் கேள்விக்கு வந்ததும் பேனையை நிறுத்தினாள்.

"இத நீங்கதான் சொல்லணும் ராத்தா. ஓய்வு கிடைச்சா என்ன செய்ய ஆசை?"

ராத்தா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். "என்ன சொன்னாத் தருவீங்க மிஸ்?" என்று கேட்டார்.

"அப்படி ஒண்டும் இல்ல. உங்கட ஆசையச் சொல்லுங்க."

ராத்தா முந்தானையைச் சரிசெய்தார். வாயைத் திறந்தார். சேவல் கூவியது. எழும்பிக் கட்டிலடிக்குப் போய்விட்டார். நாநாவின் முதுகுக்குக் கீழே மடித்த சாரனைக் கொடுத்து, தன் முழங்காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, 'பிஸ்மில்லாஹ்' என்று ஒரே இழுவையில் புரட்டினார். முதுகைத் தடவிப் பார்த்தார். கால்களுக்கு நடுவில் தலையணை வைத்தார். டெனிஷா பேனையை மூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ் கேட்டதுக்குப் பதில் சொல்லு" என்றார் நாநா, இப்போது சுவர்ப் பக்கம் பார்த்தபடி. "நான்தான் அங்கால திரும்பிட்டனே."

ராத்தா தலையணை உறையை நீவிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார். "தங்கச்சி வீட்ட போய்ச் சும்மா இருக்கணும்."

"சும்மாண்டா?"

"சும்மா. அவ கதைக்கணும். நான் எழும்பாமக் கேட்டுட்டு இருக்கணும்."

டெனிஷா அதை அப்படியே எழுதினாள். எழுதி முடித்து என்னிடம் நீட்டி, சரியா என்று வாசிக்கச் சொன்னாள். அச்சடித்த போமில் அந்தச் சொற்களைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு யாருடைய அந்தரங்கத்தையோ வாசித்தது போல.

நான்கு நாட்கள் கிடைத்தன. ஆனால் ஆள் விசயத்தில் நாநா முரண்டு பிடித்தார். நிறுவனத்தில் பயிற்சி எடுத்தவர்கள் எல்லாரும் பெண்கள். "வேற பொம்புள என்னையக் கழுவுறதா? மையத்தானாலும் ஏலாது!" ஒரேயொரு ஆண் இருப்பதாக டெனிஷா சொன்னாள். தலவில் பக்கத்து பஸ்தியான். முன்பு கரைவலைக்காரர். ஞாயிறு வரைக்கும் வேறு வீட்டில் அவருக்கு வேலை. திங்கள் தொடக்கம் வியாழன் வரைக்கும் வருவார். ஸபீனா பறப்பது அதற்கு அடுத்த வாரம். கணக்குச் சரியாக இருந்தது.

ஒரு நாள் மாலை பஸ்தியான் வீடு பார்க்க வந்தார். கட்டிலடியில் நின்று நாநாவை மேலும் கீழும் பார்த்தார்.

"நிஸார் நாநா கடல்ல எந்தப் பக்கம்?"

"நீங்க மேல வல போட்ட இடத்துக்குக் கீழதான். உங்கட வலயில ரெண்டு தரம் மாட்டியிருக்கன்."

"அந்தப் பெரிய மீன் நீங்கதானா? எங்கட சம்மாட்டி முதலாளி ஒரு கிழமை கவலப்பட்டார், அறுத்துக்கிட்டுப் போயிட்டுதெண்டு."

ராத்தா குசினியில் தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சிரிப்பதைக் கேட்டு அவர் தோள் இறங்கியதை நான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த நேரம் ஸபீனாவின் போன். டிக்கட் முந்திவிட்டது. திங்கட்கிழமை இரவு விமானம். காலை பஸ்ஸில் மன்னாரில் ஏறி, பின்னேரம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நிற்க வேண்டும். ஏஜென்சிக்காரன் சொன்னால் சொன்னதுதானாம்.

நான் டெனிஷாவுக்குப் போன் எடுத்தேன். இந்தத் தரம் வாய் காயவில்லை. பஸ்தியான் இருக்கும் வீட்டில் நோயாளியைப் பார்க்கிற மனுசியே ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், ஞாயிறு வரைக்கும் அவரை எடுக்க முடியாது என்றாள்.

ராத்தா கேட்டுவிட்டு அலுமாரியைத் திறந்தார். பயணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த அபாயாவை அலுமாரியில் திரும்ப மடித்து வைத்தார். இரவுச் சோற்றுக்கு அரிசி களைந்தார். களைந்த அரிசியையே மறுபடியும் மறுபடியும் களைந்துகொண்டிருந்தார்.

நாநாதான் கேட்டார். "இஞ்ச றைஸா. மன்னார் பஸ் பாலாவிச் சந்தியாலதானே போகுது?"

"ஓம். அதுக்கு?"

"சந்தியில ஏறு. கட்டுநாயக்கா வரைக்கும் மூணு மணித்தியாலம் வரும். பஸ்ல உன்ன எழுப்ப யார் இருக்கா?"

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே பஸ்தியான் வந்துவிட்டார். ராத்தா சேவல் போனை அவர் கையில் கொடுத்தார். தனியாகத் திரும்பி வர வேண்டுமே என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பாலாவிச் சந்தியில் ஒன்றரை மணித்தியாலம் நின்றோம். வந்த பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை. ஆனால் ஜன்னலோரத்தில் ஸபீனா, பக்கத்து சீட்டில் தன் பயணப் பையை வைத்து, அதற்கு மேல் கையையும் வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆள் சத்தம் போட்டுக்கொண்டு நின்றார்.

"அநுராதபுரத்தில இருந்து இந்தப் பொம்புள பேக்குக்கு சீட் புடிச்சு வச்சிருக்கா. இல்லாத ஆளுக்கு என்ன இடம்?"

"பேக்குக்கும் டிக்கட் எடுத்திருக்கன். இந்தா ஏறிட்டா, பாருங்க! இதான் என்ட ராத்தா." ஸபீனா பையைத் தூக்கி மடியில் வைத்தாள். "இருங்க ராத்தா. கெதியா இருங்க."

ராத்தா உட்கார்ந்தார். இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் பின் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அந்த வீட்டில ரெண்டு பிள்ளையாம் ராத்தா..." என்று ஸபீனா தொடங்கினாள்.

"ம்" என்றார் ராத்தா.

மதுரங்குளி கூட இன்னும் வரவில்லை. ராத்தாவின் தலை ஸபீனாவின் தோளில் சாய்ந்துவிட்டது. ஸபீனா கதையை நிறுத்தினாள். முந்தல் தாண்டியது. எழுப்பலாம் என்று நான் கையை நீட்டினேன். அவள் கண்ணால் வேண்டாம் என்றாள். முன்னேஸ்வரம் திரும்பும் சந்தியில் நாலைந்து பேர் இறங்கினார்கள். சிலாபம் பஸ் நிலையத்தில் வடைக்காரனும் கச்சான் கடலைக்காரனும் காதுக்குள் கத்தினார்கள். ராத்தா அசையவில்லை. பள்ளத்தில் பஸ் விழும்போதெல்லாம் ஸபீனா உள்ளங்கையால் ராத்தாவின் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். அவள் வெளியே பார்க்கவே இல்லை. வழி முழுவதும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள். கொண்டு போவதற்கு எதையோ பாடமாக்குகிறவள் மாதிரி.

"எயார்போட், எயார்போட்!" என்று கொண்டக்டர் கத்தியபோதுதான் ராத்தா விழித்தார். எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் தெரியவில்லை. தெரிந்ததும் முகம் வெளிறிப்போனது.

"ஏன்டி எழுப்பல்ல?"

"எழுப்ப ஏலுமா? நீங்க விட்ட குறட்டையில டிரைவர் ரெண்டு தரம் ஹோன் அடிச்சார், பின்னால லொறி வருதெண்டு."

ராத்தா சிரிக்க முயன்றார். முடியவில்லை. இறங்கிய இடத்திலேயே ஏஜென்சிக்காரன் பட்டியலோடு நின்றான். அவனைச் சுற்றி ஒரே நிறத் தொப்பி போட்ட பெண்கள். ஸபீனாவுக்கும் ஒரு தொப்பி கொடுத்து வான் வண்டியில் ஏறச் சொன்னான். கட்டிப்பிடித்து ஸலாம் சொல்லத்தான் நேரம் இருந்தது. வான் ஓடும்போது ராத்தா ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்தார். எல்லாத் தொப்பியும் ஒரே மாதிரி இருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் ராத்தாவுக்கு நித்திரை இல்லை. என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"நான் தூங்கக்குள்ள அவ என்ன சொன்னா?"

"ஒண்டும் சொல்லல்ல ராத்தா."

"ரெண்டு பிள்ளையாம் எண்டாளே. ஆம்புளப் புள்ளையா, பொம்புளப் புள்ளையா?"

"சொல்லல்ல."

கொஞ்சத் தூரம் போன பிறகு மறுபடியும். "அழுதாளா?"

"இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தன் ராத்தா. அழல்ல."

மிச்சம் மூன்று நாட்கள் இருந்தன. இனி எதற்கு, பஸ்தியானைப் போகச் சொல்வோம் என்று ராத்தா நினைத்தார். நாநா விடவில்லை. "நான் இவரோட கடல்க் கதை பாதிதான் கதைச்சிருக்கன். நீ போ" என்றார். செவ்வாய்க்கிழமை காலை, ஸபீனா இல்லாத வீட்டுக்கு ராத்தா மன்னார் பஸ் ஏறினார். நூர்தீன் இரவுக்கு வந்து படுத்தார்.

வியாழக்கிழமை அஸர் நேரத்தில் ராத்தா திரும்பி வந்தார். வீட்டுக்குள் போகுமுன் எங்கள் வேலியடியில் நின்றார். பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை. ஸபீனா போய்ச் சேர்ந்துவிட்டதாக ஏஜென்சியிலிருந்து சொன்னார்களாம். அவள் இன்னும் பேசவில்லை.

"அங்க என்ன செஞ்சீங்க ராத்தா?"

"என்ன செய்ய? சாரா உம்மா ஒரு வேலையும் தரல்ல. பகலைக்குச் சாப்பிட்டுட்டு ஸபீனாட கட்டிலில சாஞ்சன். றிஷ்னா பள்ளிக்கூடத்தால வந்து பக்கத்தில படுத்தா. மூக்க என்ட கையில வச்சு அமத்திக்கிட்டுப் படுத்தா. ஸபீனாவும் சின்னதில அப்படித்தான்."

உள்ளே நாநாவும் பஸ்தியானும் எதற்கோ சிரித்தார்கள். ராத்தா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"தூக்கத்தில 'உம்மா' எண்டா."

பையைத் தோளிலிருந்து இறக்கி வேலியடியில் வைத்தார்.

"'ஓம்' எண்டன். பிறகு கை விறைச்சுப்போய்ட்டு. அவ எழும்பும் வரைக்கும் நானும் எழும்பல்ல."